ருக்மணியம்மா ஏறினால் கொதிக்கும் கார்

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எஞ்சின் சூடேறுவதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். அதில் எழுத என்ன இருக்கிறது, தண்ணீர் குறைந்தால் சூடேறும், ஊற்றினால் அடங்கும் என்று உங்களில் ஒருவர் சிரித்ததாகக் காதில் விழுந்தது. நன்றாகச் சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய வெள்ளைக் கார் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராவிட்டால் செல்போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கீழ் கோத்தகிரிப் பக்கம் பேய் வண்டி என்று பெயர் எடுத்திருந்த ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேய்க்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கஸ்டமர் வந்து பேய் என்று சொன்னால், அதையும் ஒரு கம்ப்ளெயிண்டாகக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முன்னால் இரண்டு உருண்டை விளக்கு வைத்த டீசல் கார் அது. முதலில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்தார். அவர் குளிர் தாங்காதவர் என்பதால் தனியாக ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். பிறகு அதே எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் அதை வாங்கினார். ஃபேக்டரி ரோலரில் இடது கை மோதிர விரலில் பாதியைக் கொடுத்தவர். வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அவர் இருந்தவரை அது என் பட்டறைக்கு வந்ததெல்லாம் ஆயில் மாற்றத்தான்.

அவர் இறந்து ஒரு வருடம் போல ஆனபின், அவர் மகன் தனபால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல என்னைத் தள்ளிக் கூட்டிப் போய்த்தான் விஷயத்தைச் சொன்னான்.

அவன் அப்பா இறந்ததே அந்தக் காருக்குள்தான். மனைவி ருக்மணியம்மாவோடு கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரங்கள் முடிந்து சோலைக்காடு தொடங்கும் வளைவில் நெஞ்சு அடைத்திருக்கிறது. அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். வார்த்தை வரவில்லை, அப்படியே போய்விட்டார்.

சில மாதம் ஷெட்டில் கிடந்த காரைத் தனபால் எடுத்து ஓட்டத் தொடங்கினான். தனியாகப் போனால் எந்தத் தொல்லையும் இல்லை. மனைவி கவிதாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனாலும் தொல்லை இல்லை. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும், அதே வளைவு வந்ததும் காருக்குள் ஒரு தித்திப்பு வாசனை பரவும். முன் கண்ணாடி உள்பக்கமாக வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் மேலே போய் வண்டி கொதிக்கும். சர்க்கரை வியாதிக்காரரான அவன் அப்பா யாருக்கும் தெரியாமல் டாஷ்போர்டுப் பெட்டியில் கமர்கட் ஒளித்து வைத்திருப்பாராம். இது அந்த வாசனை என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

வண்டி கொதித்து நின்றதும் ருக்மணியம்மா இறங்கிப்போய்ப் பனிமூட்டத்துக்குள் நின்று, "என்ன சொல்ல வந்தீங்க, சொல்லிப்போடுங்க" என்று கேட்பாராம். கடைசித் தடவை கண்ணாடி வெளுத்து வழி தெரியாமல் முன் சக்கரம் பள்ளத்து விளிம்பு வரை போயிருக்கிறது. குழந்தை அப்போது பின் சீட்டில் கவிதாவின் மடியில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் மாமியார் பக்கத்தில் குழந்தையை விடுவதில்லை. காரைப் பழைய இரும்புக்குப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் குழந்தையோடு அன்னூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள். ருக்மணியம்மாவோ, அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் காரை விட மாட்டேன் என்கிறார்.

"ஊட்டுல அம்மாகிட்டக் குழந்தையக் குடுக்கறதே இல்லீங்ணா. அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றாரு, கூடவே குழந்தையையும் கொண்டுட்டுப் போயிருவாருன்னு அவளுக்கு பயம்" என்றான். சொல்லும்போது அவன் காரைப் பார்க்கவே இல்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு அவசரம் உண்டு, சீக்கிரமாக ஒரு காரணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று. பானெட்டைத் திறந்ததும் எனக்கு அது கிடைத்தும் விட்டது. மார்கழியில் இங்கே உறைபனி விழும்போது எஞ்சின் சூடாவதற்காக ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையோ சாக்கோ செருகி வைப்போம் அல்லவா? பனி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கீழே சமவெளியில் இப்படி ஒரு தப்பை யாரும் செய்ய மாட்டார்கள். மலைக்காரர்கள் நாம் வருடா வருடம் செய்வோம். டீ மேக்கர் செருகிய அட்டை அப்படியே நைந்துபோய்க் கிடந்தது. அதை உருவித் தனபால் கையில் கொடுத்து, இதுதான் உன் பேய், கொண்டுபோய் அடுப்பில் போடு என்றேன். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு பெருமை.

அடுத்த வாரமே அவன் திரும்பி வந்தான். அட்டை இல்லாமலும் வண்டி கொதித்திருந்தது. அதே வளைவு, அதே வாசனை, அம்மா முன் சீட்டில்.

இம்முறை வண்டியைப் பட்டறையில் வைத்துக்கொண்டு முழுதாகப் பார்த்தேன். ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் ஒரு சொட்டுக் கூடக் கசியவில்லை. முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தது. இந்த ஊரில் ஆனி ஆடியில் எந்தக் காரின் கார்ப்பெட் காய்ந்திருக்கிறது என்று அதை விட்டுவிட்டேன். ஹீட்டர் போடுவீர்களா என்று தனபாலிடம் போனில் கேட்டேன். அப்பா போனதிலிருந்து அதை யாரும் தொடுவதே இல்லை என்றான். அம்மாவிடமும் கேட்டுச் சொன்னான், அதே பதில். சரி என்று ஹீட்டரையும் விட்டுவிட்டேன். கஸ்டமர் பொய் சொல்வார் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. கஸ்டமர் தனக்கே தெரியாததை இல்லை என்று உண்மையாக நம்பிச் சொல்வார் பாருங்கள், அங்கேதான் நாம் ஏமாறுவோம்.

தனியாகக் காரை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் பல தடவை ஏறி இறங்கினேன். வெயிலில் போனேன், மழையில் போனேன். முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே அங்கேயே நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். சோலைக்குள்ளிருந்து பனி ரோட்டில் இறங்கி வந்து பானெட்டை மறைத்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்தக் காலி சீட்டை நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன் என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கியரைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பயந்துதான் இறங்கினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பட்டறைக்கு வந்து யோசித்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. கம்ப்ளெயிண்ட் என்னவோ அந்த அம்மா ஏறினால் கொதிக்கிறது என்பது. நானோ அந்த அம்மாவை ஏற்றாமலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல்காரரை வீட்டில் விட்டுவிட்டு அவர் சட்டையை டாக்டரிடம் காட்டிய கதைதான். அம்மாவைக் கூட்டி வா என்று தனபாலுக்குப் போன் செய்தேன். கவிதா வேண்டவே வேண்டாம் என்று மறித்தாளாம். அவளுக்குத் தெரியாமல் பஸ்ஸில் கூட்டி வந்தான்.

ருக்மணியம்மா ஒல்லியான சின்ன உருவம். தலையைச் சுற்றி ஸ்கார்ஃப், மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. காரைப் பார்த்ததும் பானெட்டின் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தனபால் பின் சீட்டில். காலி கேன் ஒன்றையும் அவனிடம் கொடுத்து வைத்தேன். கீழே கொஞ்ச தூரம் இறங்கிப்போய்த் திருப்பிக்கொண்டு, அந்த வளைவை நோக்கி ஏறத் தொடங்கினோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான், ஆனாலும் வெளிச்சம் மங்கலாக இருந்தது. தேயிலைச் சரிவெல்லாம் மறைந்து, சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. நான் முள்ளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். மரங்கள் முடிந்து சோலையின் இருட்டு தொடங்கியபோது டாஷ்போர்டுக்குக் கீழே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். பழைய வண்டி ஆயிரம் சத்தம் போடும் என்று நான் திரும்பவில்லை.

வாசனை வந்தது. தித்திப்பாக, பாகு காய்ச்சுவது போல, காலுக்குக் கீழிருந்து எழும்பி வந்தது. "வந்துட்டாருங்ணா" என்று பின்னாலிருந்து தனபால் மெதுவாகச் சொன்னான். முன் கண்ணாடி கீழிருந்து மேலாக வெளுக்கத் தொடங்கியது. கையால் துடைத்தால் எண்ணெய்ப் பசை மாதிரி ஈஷியதே தவிரத் தெளியவில்லை. அப்போதுதான் ருக்மணியம்மா பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். வெளுத்துக்கொண்டு வந்த கண்ணாடியின் நடுவே ஒரு கை தெரிந்தது. விரித்த இடது உள்ளங்கை, பெரிய ஆம்பிளைக் கை. மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது.

அந்த நேரம் மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன், பயம் வரும்போது மூளை ஒரு வேலையைத்தான் பார்க்கும். அது எந்த வேலை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அந்தக் கையைப் பார்ப்பதை விட்டேன். பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வளைவைக் கடந்து ஓரம் கட்டினேன். பஸ் எங்களை உரசுவது போலக் கீழே இறங்கிப் போனது. முள் சிவப்புக்கு ஏறிவிட்டிருந்தது.

சாவியைத் திருப்பப் போனேன். மறுபடியும் அதே டக். இம்முறை திரும்பிப் பார்த்தேன்.

ருக்மணியம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மட்டும் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. இழுத்தால் ஹீட்டருக்கு வெந்நீர் திறக்கும், தள்ளினால் மூடும் சின்னக் கறுப்பு நாப் ஒன்று அங்கே இருக்கிறது. அதை உள்ளே தள்ளிவிட்டு, அந்தக் கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவருக்கு அது தெரியாது என்பதை நான் அந்த நொடியே நம்பினேன். பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

மற்றதெல்லாம் தானாகக் கூடிவந்தது. ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் ஓட்டை. நாப்பை இழுத்தால் வெந்நீர் உள்ளே போய், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட்டின் தித்திப்பு ஆவி காருக்குள் வரும், கண்ணாடியில் படியும், தண்ணீர் குறைந்து எஞ்சின் கொதிக்கும். நாப்பைத் தள்ளிவிட்டால் ஓட்டை இருப்பதே தெரியாது. அந்தக் கைத்தடமும் அப்படித்தான். மனைவிக்கு வழி தெரியட்டும் என்று டீ மேக்கர் எட்டி அந்த அம்மா பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்த கை அது. அந்தப் பக்கத்தை அதன் பிறகு யாரும் துடைக்கவில்லை. கண்ணாடி வெளுக்கும்போது பழைய தடம் எழும்பி வரும்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? தனபால் பின்னால் இருக்கிறான். உங்கள் அம்மாதான் இதைச் செய்கிறார் என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் பேய் பிடித்தவர் என்ற பெயர் போய் என்ன பெயர் வரும்? பேத்தியைக் கொல்லப் பார்த்தவர் என்றல்லவா வரும்? கேனை எடுத்துக்கொண்டு போய் ஓடையில் தண்ணீர் பிடித்து வா என்று தனபாலை அனுப்பினேன். இரண்டு எட்டு வைத்ததும் அவன் பனிக்குள் மறைந்துபோனான்.

ருக்மணியம்மா இறங்கக் கதவைத் திறந்தார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி, நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் மறுத்தார். கோபப்பட்டார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, யாருடையதோ என்பது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இந்த எடம் வந்ததும் அவியதான் அதை இழுத்து உடுவாங்க, தாண்டுனதும் தள்ளி உடுவாங்க. எனக்கு முட்டி வலி. சோலைக் குளிர் ஆகாதுன்னு" என்றார்.

இழுக்கும்போது ஏதாவது சொல்வாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"காலுக்குக் குளிருதா அம்மணின்னு கேப்பாங்க. எப்பவும் கேக்கறதுதானுங்க..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். ஓடைப் பக்கம் கேன் கல்லில் தட்டும் சத்தம் கேட்டது. "அன்னிக்கும் அதைக் கேக்கத்தான் வாயெடுத்திருக்காங்க. வேற ஒண்ணும் இல்லீங்க. நான்தான் பெருசா என்னமோன்னு நெனச்சிருந்தேன்."

மகன் வருகிறானா என்று பார்க்க அவர் முந்தானையை எடுத்துத் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் தடுக்க வாயெடுப்பதற்குள் அந்தக் கைத்தடம் போய்விட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று நான் கேட்கவில்லை.

தனபாலிடம் நான் சொன்னது இதுதான். ஹீட்டரில் ஓட்டை, நாப் லூசாக இருக்கிறது, மேடு ஏறும்போது குலுங்கித் தானாகத் திறந்துகொள்கிறது. அப்படியானால் அம்மா ஏறும்போது மட்டும் ஏன் என்று கேட்டான். பரவாயில்லை, மடையன் இல்லை அவன். முன் சீட்டில் ஆள் பாரம் இருந்தால் கேபிள் இழுபடும் என்றேன். எந்த எஞ்சினியர் கேட்டாலும் சிரிப்பார். கஸ்டமரிடம் நான் சொன்ன பொய்களில் நீங்களும் சொல்லலாம் என்று சிபாரிசு செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

ஹீட்டர் ஓட்டைக்கு மலைப் பட்டறைகளில் ஒரு சுருக்கு வழி உண்டு, உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். குழாய் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஹீட்டரை அப்படியே செத்துப்போக விட்டுவிடுவோம். கையில் குழாயை எடுத்தும் விட்டேன். மனசு வரவில்லை. கழற்றிக் கொண்டுபோய்க் குன்னூரில் ரேடியேட்டர் பற்றவைப்பவரிடம் கொடுத்து, நன்றாக அடைத்து வாங்கி வந்து மாட்டினேன்.

கவிதா இதையெல்லாம் நம்பவில்லை. காரைக் கொடுக்கும் அன்றைக்கு அவளும் குழந்தையோடு பட்டறைக்கு வந்தாள். "அந்த வளைவுல அத்தையை வெச்சுக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க. நாங்களும் வர்றோம். அதுக்கப்புறம் சொல்லுங்க" என்றாள். சரியான பேச்சு. ரிப்பேர் செய்தவன் ஏறாத வண்டியில் கஸ்டமர் ஏன் ஏற வேண்டும்?

முன்னால் நானும் ருக்மணியம்மாவும். பின்னால் தனபால், கவிதா, அவள் மடியில் குழந்தை. அன்றைக்கும் பனி இறங்கியிருந்தது. மரங்கள் முடியும் இடம் நெருங்கியபோது கவிதா இறுக்கிப் பிடித்ததில் குழந்தை சிணுங்கியது. ருக்மணியம்மா இரண்டு கைகளையும் சால்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வளைவு வந்ததும் நானே இடது கையை நீட்டி நாப்பை இழுத்தேன்.

வெதுவெதுப்பான காற்று வந்தது. வாசனை இல்லை. கண்ணாடி தெளிவாகவே இருந்தது. அடியில் வரும் காற்று பக்கத்து சீட்டுக்குச் சரியாக எட்டுகிறதா என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்டாக வேண்டும். எத்தனையோ வண்டிகளில் கேட்ட கேள்விதான். ரோட்டைப் பார்த்தபடியே, "காலுக்குக் குளிருதுங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது.

ருக்மணியம்மா என் பக்கம் திரும்பவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பதில் வருவதற்குள் வளைவில் பாதி கடந்துவிட்டது.

"குளிரலீங்க" என்றார். "நீங்க பாத்துப் போங்க."

வளைவு முடிந்து சோலையின் மறுபக்கம் வெளிச்சம் வந்தது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு கவிதா, "அத்தை, இவளைக் கொஞ்சம் புடிங்க" என்று குழந்தையை முன்னால் நீட்டினாள். ருக்மணியம்மா சால்வைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார்.